சோபாவுக்கு வாசிப்பவன்

கோயில் திருவிழாவில் ஊருக்கு வாசிக்கிறோம். கல்யாண ரிசப்ஷனில் பந்திக்கு வாசிக்கிறோம். கம்பெனி விழாவில் சோபாவுக்கு வாசிக்கிறோம். மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்துக் குடும்பம் நடத்துகிறவன் என்ற முறையில், மூன்றில் கடைசிதான் கஷ்டமானது என்று கற்பூரம் அடித்துச் சொல்வேன்.

சோபாவைத் தெரியாதவர்களுக்காக: மேடைக்கு நேர் எதிரே முதல் வரிசையில் வெள்ளைத் துணி போர்த்தி மூன்று சோபாக்கள் போட்டிருப்பார்கள். நடுவில் இருப்பதுதான் சோபா. மற்ற இரண்டும் அதற்குத் துணை. எதிரே கண்ணாடி டீப்பாய், அதில் தண்ணீர் பாட்டில், முந்திரியும் பாதாமும் போட்ட கிண்ணம், டிஷ்யூ பெட்டி. முந்திரி இரண்டாம் வரிசைக்குப் போகாது. தண்ணீர் பாட்டில் நாலாம் வரிசையோடு நின்றுவிடும். அதற்குப் பின்னால் முதுகில் ரிப்பன் கட்டிய நாற்காலிகள், அதற்கும் பின்னால் ரிப்பன் இல்லாத நாற்காலிகள், கடைசியில் நிற்கிறவர்கள். மேடையில் ஏறி நின்றால் அந்தக் கம்பெனியில் யாருக்கு என்ன சம்பளம் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம்.

நான் சொல்லப்போவது ஏப்ரல் முதல் வாரத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டின் புல்வெளியில் நடந்த ஆண்டு விழா. ஓஎம்ஆரில் கண்ணாடிக் கட்டடம் வைத்திருக்கும் மென்பொருள் கம்பெனி. பெயர் வேண்டாம், இன்னும் பில் பாஸாகவில்லை.

ஐடி கம்பெனிகளைக் கிண்டல் செய்வதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் அடுப்பு எரிவது அவர்களால்தான். மெல்லிசைக் குழுக்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் மேடையில் வயலின் மட்டுமே ஒரு வரிசை உட்கார்ந்திருக்கும். அக்கார்டியன், காம்போ ஆர்கன், தபேலா, பாங்கோஸ், தும்பா என்று ஒரு வேன் நிறைய ஆட்கள் போவார்கள். 1985இல் ரோலண்ட் கம்பெனி ஆக்டோபேடைக் கொண்டுவந்தது. இரண்டு குச்சி வைத்திருக்கும் ஒரே ஆள், தோல் வாத்தியக்காரர்கள் நாலு பேரை வீட்டுக்கு அனுப்பினார். பிறகு என்னைப் போன்றவர்கள் கீபோர்டில் ‘ஸ்ட்ரிங்ஸ்’ பொத்தானை அமுக்கி வயலின்காரர்களை அனுப்பினோம். இப்போது லேப்டாப்பில் மைனஸ் ஒன் டிராக் போட்டு என்னை அனுப்பப் பார்க்கிறார்கள். எனக்குக் கோபம் வருவதில்லை. அடுத்து லேப்டாப்பை அனுப்ப யார் வருவார்கள் என்ற ஆர்வம்தான் இருக்கிறது.

1990களில் கேபிள் டிவி வந்து தெருமுனைக் கச்சேரிகளைச் சுருட்டிக்கொண்டு போனபோது, எங்களில் பலர் மளிகைக்கடை வைக்கலாமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். 2000இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தார்கள். அப்புறம் பழைய மகாபலிபுரம் சாலை முழுக்கக் கண்ணாடி முளைத்தது. கண்ணாடி முளைத்த இடமெல்லாம் ஆண்டு விழா, குடும்ப விழா, டவுன் ஹால், பாராட்டு விழா என்று ஏதாவது ஒன்று முளைத்தது. மளிகைக்கடை யோசனை கைவிடப்பட்டது.

கோயில் கச்சேரியில் பாட்டுப் பட்டியலை முடிவு செய்வது ஊர்த் தலைவர். அவருக்கு முதல் பாட்டு சாமி பாட்டாக இருந்தால் போதும், மீதியை நம் தலையில் விட்டுவிடுவார். கம்பெனியில் முடிவு செய்வது ஹெச்ஆர். அந்த அம்மாள் எக்ஸெல் ஷீட்டில் அனுப்பியிருந்தார். தமிழ் 50 சதவீதம், ஹிந்தி 30, தெலுங்கு 10, மலையாளம் 10. அதாவது ஊழியர்கள் எந்த விகிதத்தில் இருக்கிறார்களோ அந்த விகிதத்தில் பாட்டு. இடஒதுக்கீட்டை இவ்வளவு துல்லியமாக அமல்படுத்திய இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பக்கத்துப் பத்தியில் தடைகள். குடி வரும் பாட்டு கூடாது. இரட்டை அர்த்தம் கூடாது. ‘ஆனா குத்து கண்டிப்பா வேணும் சார், வரி இல்லாம வாசிக்க முடியுமா?’ பிரிவு, விடைபெறுதல், வழியனுப்புதல் சம்பந்தப்பட்ட எதுவும் அறவே கூடாது. ஏன் என்று விசாரித்தேன். சில மாதம் முன்புதான் நிறைய பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்களாம்.

பட்டியலின் முதல் பாட்டு ‘இளமை இதோ இதோ’. 1982இல் ‘சகலகலா வல்லவன்’ வந்ததிலிருந்து ஒவ்வொரு டிசம்பர் 31 நள்ளிரவும் அதை வாசிக்காமல் எந்தக் குழுவும் வீடு திரும்பியதில்லை. ஏப்ரலில் எதற்கு?

“நிதியாண்டு பொறந்திருக்கே சார்,” என்றார்.

லைசென்ஸ் விவகாரமும் வந்தது. பொது இடத்தில் சினிமாப் பாட்டு வாசித்தால் உரிமைக்காரர்களுக்குக் கட்டணம் கட்ட வேண்டும் என்று சொன்னதும் அவர் நம்பவில்லை. “எங்க அக்கா கல்யாணத்துல விடிய விடிய பாடினாங்க, யாரும் ஒண்ணும் கேக்கலையே?” கல்யாணத்துக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் 1957ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது, கம்பெனி விழாவுக்கு இல்லை என்று விளக்கினேன். போனில் கூடவே இருந்த ஈவென்ட் மேனேஜ்மென்ட் பையன் குறுக்கே வந்தான். “அப்ப மேடையிலேயே ஒரு கல்யாணம் வச்சிடலாமா சார்? ஆபீஸ்ல ரெண்டு ஜோடி ரெடியா இருக்கு.” அம்மாள் ஒரு கணம் யோசித்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நிகழ்ச்சி மாலை 6:30க்கு. எங்களை வரச் சொன்னது காலை பத்து மணிக்கு. பத்து மணிக்குப் போனால் மேடையே இல்லை. இரும்புக் குழாய்கள் புல்லில் கிடந்தன. எல்இடி வால்காரர்கள் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அது முடியாமல் சவுண்ட்காரர் ஸ்பீக்கர் ஏற்ற முடியாது, அவர் ஏற்றாமல் நாங்கள் வயர் மாட்ட முடியாது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும் பத்து மணிக்கு வரச் சொல்வார்கள். நாங்களும் தெரிந்தே பத்து மணிக்குப் போவோம். அது ஒரு மரியாதை.

ஒரு மணி சுமாருக்கு மேடை வந்தது, கூடவே உச்சி வெயிலும். ஏப்ரல் வெயிலில் கீபோர்டுக்கு என்ன ஆகும் என்பது வாங்கும்போது யாரும் சொல்லித்தராத பாடம். முதலில் கறுப்புக் கட்டைகள் சுடும். வெள்ளைக் கட்டைகளில் மட்டும் நடமாடினால் கொஞ்ச நேரம் ஓட்டலாம். அப்புறம் சின்னத் திரை ஓரத்திலிருந்து மெல்லக் கறுக்கத் தொடங்கும். ஐந்து நிமிஷத்தில் முழுக்க மை. எந்த டோனில் இருக்கிறோம், ஸ்ருதி எங்கே நிற்கிறது, ஒன்றும் தெரியாது. பாடகி தன் குடையைக் கொடுத்தார். கீபோர்டுக்குக் குடை பிடித்துக்கொண்டு நான் வெயிலில் நின்றேன். ரிசார்ட்டுக்குக் குளிக்க வந்த குடும்பம் ஒன்று அதைப் போட்டோ எடுத்துக்கொண்டது.

ஸ்பீக்கரைப் போட்டதும் கேட்டது அந்த முனகல். ம்ம்ம்ம்ம் என்று அடிவயிற்றிலிருந்து, மூச்சு விடாமல். மேடைக்குப் பின்னால் லாரியில் நின்ற ஜெனரேட்டரிலிருந்து கரண்ட் வருகிறது. அதற்கு சைலன்ட் ஜெனரேட்டர் என்று பெயர். அது தன் அளவில் சைலன்ட்தான், சத்தத்தை எங்கள் ஸ்பீக்கர் வழியாகப் போட்டது.

“எர்த் பிரச்சினைண்ணே,” என்றான் சவுண்ட் தம்பி. “எல்இடி வால் ஒரு லைன்ல இருக்கு, நம்ம வேற லைன்ல இருக்கோம்.” டிஐ பாக்ஸில் கிரவுண்ட் சுவிட்சைத் தட்டினான். ஒவ்வொரு வயராகப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினான். எல்லா ஸ்பீக்கரும் அடங்கின. மேடையின் இடது ஓரத்து மானிட்டர் மட்டும் அடங்கவில்லை. கடைசியில் உலகத்திலுள்ள எல்லா சவுண்ட்காரர்களும் சொல்கிற அந்த வாக்கியத்தைச் சொன்னான். “கூட்டம் வந்தா தெரியாதுண்ணே.”

எனக்கு அந்த முனகலோடு பழைய உறவு உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கீபோர்டின் அடியில் இருக்கும் ஜி ஸ்வரம் 49 ஹெர்ட்ஸ். ஜி என்றால் நம் கணக்கில் ஐந்து கட்டை, பெண்கள் பாடுகிற ஸ்ருதி. ஆக, இந்த நாட்டின் மின்சாரம் மொத்தமும் ஐந்து கட்டைக்கு ஒரு நூல் மேலே ஸ்ருதி சேர்ந்து நிற்கிறது. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் காதை வைத்துப் பாருங்கள், ஒரு ஸ்தாயி மேலே அதே ஸ்வரத்தில் நாள் முழுக்கத் தம்புரா போட்டுக்கொண்டிருக்கும். சம்பளம் கேட்காத பக்கவாத்தியம். இந்தத் தகவலால் எனக்குப் பத்துப் பைசா பிரயோஜனம் இருந்ததில்லை, அன்றைய ராத்திரி வரைக்கும்.

மதியம் பொட்டலம் வந்தது. சாம்பார் சாதம், தயிர் சாதம், ஊறுகாய் பாக்கெட், சிப்ஸ். எங்கள் மணிக்கட்டில் ஆரஞ்சுப் பட்டை. ஆரஞ்சு என்றால் மேடைக்குப் போகலாம், பஃபே பக்கம் போக முடியாது. மஞ்சள் என்றால் பஃபேக்குப் போகலாம், மேடைக்கு வர முடியாது. கடலைப் பார்க்க மட்டும் எந்தப் பட்டையும் வேண்டியிருக்கவில்லை.

ஒப்பனை அறையாகக் கொடுத்தது ரிசார்ட்டின் குழந்தைகள் விளையாட்டறை. தலைவர் (எங்கள் குழுவின் தலைவரைச் சொல்கிறேன், அறுபது தாண்டியவர், ஒரு காலத்தில் வாரத்துக்கு ஏழு மேடை ஏறியவர்) யானைத் தும்பிக்கைச் சறுக்குமரத்தின் அடியில் உட்கார்ந்து கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டார். ஏப்ரலில், கடற்கரையில், கறுப்புக் கோட்டு. ஹெச்ஆர் ஷீட்டில் அதற்கும் ஒரு பத்தி இருந்தது.

ஆறரை மணி நிகழ்ச்சி ஏழே காலுக்குத் தொடங்கியது. ஷோ ஃப்ளோ என்று ஒரு தாள் கொடுத்திருந்தார்கள், நிமிஷக் கணக்கு போட்டு. அதில் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு ஒரு நிமிஷம் ஒதுக்கியிருந்தார்கள். அரசு 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்தபோது 55 வினாடியில் பாட வேண்டும் என்று அளவும் சொல்லிவிட்டது. எங்கள் பாடகி சரியாக 55இல் முடித்தார். ஐந்து வினாடி மிச்சம். அந்தத் தாளில் நேரத்தோடு முடிந்த ஒரே அயிட்டம் அதுதான்.

அடுத்தது குத்துவிளக்கு. தாளில் இரண்டு நிமிஷம். கடற்கரையில் விளக்கேற்றத் திட்டம் போட்டவர் ஏசி அறையில் உட்கார்ந்து போட்டிருக்க வேண்டும். ஐந்து முகம், ஐந்து பெரியவர்கள், ஆளுக்கொரு திரி. முதலாமவர் ஏற்றிவிட்டு மெழுகுவர்த்தியை இரண்டாமவரிடம் கொடுப்பதற்குள் முதல் திரி அணைந்தது. மூன்றாமவர் ஏற்றும்போது மெழுகுவர்த்தியே அணைந்தது. போட்டோகிராபர் “சார், இன்னொரு தடவை” என்றார். இதற்குப் பின்னணியில் நான் கீபோர்டில் நாதஸ்வர டோனை வைத்து ஹம்சத்வனி வாசித்துக்கொண்டிருந்தேன், எங்கள் ஆக்டோபேட்காரர் தவில். நிஜ நாதஸ்வரக்காரராக இருந்தால் மூச்சு போயிருக்கும். எனக்கு மூச்சு தேவையில்லை, அதுதான் என் டோனில் உள்ள குறை. நிஜமாக ஊதுகிறவர் கேட்டிருந்தால் என்னைச் சீவாளியாலேயே குத்தியிருப்பார். ராகத்தைக் கீழிருந்து மேல், மேலிருந்து கீழ் என்று எல்லா வழியிலும் சுற்றிக் காட்டிவிட்டேன். கடைசியில் கேட்டரிங் பையன் ஒருவன் தட்டு மூடும் எவர்சில்வர் மூடியைக் கொண்டுவந்து காற்றுப்பக்கம் பிடித்தான். விளக்கு எரிந்தது. படத்தில் அவன் கை மட்டும் விழுந்திருக்கும்.

பிறகு விருதுகள்.

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். விருது வாங்குகிறவர் பெயரைச் சொன்னதும் ‘டட்டடாஆஆய்ங்’ என்று நாலு வினாடி நாங்கள் முழங்க வேண்டும். அதற்கு ஸ்டிங் என்று பெயர். பெயர், டட்டடாய்ங், அவர் நடந்து வருவது, கைகுலுக்கல், கேமராவைப் பார்த்துச் சிரிப்பு, அடுத்த பெயர். சிறந்த புதியவர், சிறந்த குழு, சிறந்த குழுத் தலைவர், வாடிக்கையாளரை மகிழ்வித்தவர், ஐந்து வருஷம் முடித்தவர்கள், பத்து வருஷம் முடித்தவர்கள். ஐந்து வருஷம் முடித்தவர்கள் ஒரு பட்டாளமே இருந்தார்கள். முதல் பத்துப் பேருக்கு ரத்தம் சூடாகத்தான் வாசித்தோம். அப்புறம் அந்த நாலு வினாடிக்குள் எங்களுக்கென்று ஒரு வாழ்க்கையைத் தேட வேண்டியிருந்தது. நான் கடைசி கார்டை மேஜரிலிருந்து மைனருக்கு மாற்றிப் பார்த்தேன். மேலே வந்த பையன் பரிசைக் கையில் வாங்கியும் முகம் தெளியாமல் நின்றான். கிட்டார்காரர் முறைத்ததால் மேஜருக்குத் திரும்பினேன். பேட்காரர் ஒருவருக்கு மட்டும் பம்பை டோன் போட்டார். அவர் நடந்து வந்த நடையே மாறிப்போயிற்று. அத்தனை பேரில் என்னால் மறக்க முடியாதவர் அவர்தான்.

அதன் பிறகு உரைகள். துணைத் தலைவர்கள் வரிசையாக வந்து எல்இடி வாலில் கோடுகளைக் காட்டினார்கள். எல்லாக் கோடும் இடமிருந்து வலமாக ஏறியது. இந்த நேரம் முழுக்க நாங்கள் மேடையின் பின்பாதியில் இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். இறங்கினால் நடமாட்டம் தெரியும் என்று உத்தரவு. இருட்டில் எங்களுக்குத் தூக்கம் வரும் என்பதற்கு உத்தரவு எதுவும் இல்லை. பேட்காரர் குச்சியைக் கையில் பிடித்தபடியே தூங்கக்கூடியவர். தொகுப்பாளினி “பலத்த கரகோஷம்” என்று சொன்ன மாத்திரத்தில் கண் திறக்காமலே உருட்டுவார், தப்பினதே இல்லை.

எங்களுக்குத் தாளில் ஒன்றரை மணி நேரம். மைக் கைக்கு வந்தபோது ஒன்பதே கால். சவுண்ட் தம்பி முக்கால் மணி நேரம் என்று விரலால் காட்டினான். தலைவர் சலனமே இல்லாமல் தாளை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார். அவர் பார்க்காத சலனமா?

நிதியாண்டுப் புத்தாண்டு வாழ்த்தோடு ஆரம்பித்தோம். அடுத்து பாடகி ஒரு மெலடி எடுத்தார். அனுபல்லவியில் மேல் ஸ்தாயிக்குப் போய் அங்கேயே நின்று ஒரு சுற்றுச் சுற்றி இறங்கினார் பாருங்கள், எனக்கே புல்லரித்தது. கோயில் திடலாக இருந்தால் விசில் காதைக் கிழித்திருக்கும். இங்கே நானூறு பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏன் என்று பார்த்தேன். சோபாவில் எம்.டி. போனில் இருந்தார். இரண்டாம் வரிசை அவர் முதுகைப் பார்த்தது, மூன்றாம் வரிசை இரண்டாம் வரிசையைப் பார்த்தது. சரணத்தின் நடுவே, ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தில், அவர் போனை வைத்துவிட்டு இரண்டு தட்டு தட்டினார். கரகோஷம் கடல் வரைக்கும் போயிற்று. பாடகி திடுக்கிட்டு ஒரு வரியை விட்டுவிட்டார்.

அப்போதிருந்து நானும் கீபோர்டைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு சோபாவின் கால் பெருவிரலையே பார்க்கத் தொடங்கினேன். ஷூ ஆடினால் வேகத்தைக் கூட்டலாம். ஷூ நின்றால் அடுத்த பாட்டு.

ஒன்பதரை இருக்கும். ஈவென்ட் பையன் வாக்கிடாக்கியோடு மேடை ஏறி என் காதில் சொன்னான். “சார், எம்.டி. பாடறாராம்.”

“என்ன பாட்டு? எந்த ஸ்ருதி?”

“அதெல்லாம் தெரியாது சார். பாடறாராம்.”

எண்பதுகளின் காதல் பாட்டு ஒன்று. எதுவென்று சொன்னால் அந்தப் பாட்டுக்கு அநியாயம். முன்னிசை வாசிக்கக் கையைத் தூக்கினேன், அதற்குள் பல்லவி வந்துவிட்டது. மேடையின் இடது ஓரத்தில் நின்று கண்ணை மூடிப் பாடினார். நான் ஐந்து கட்டையைத் தொட்டுப் பார்த்தேன், கீழே நின்றது. ஐந்தரையைத் தொட்டேன், மேலே போனது. சாதாரணமாக இப்படிப் பாடுகிறவர்கள் வரிக்கு வரி ஸ்ருதி மாறுவார்கள். நாமும் டிரான்ஸ்போஸ் பொத்தானை அமுக்கி அமுக்கிப் பின்னாலேயே ஓடலாம். இவர் மாறவே இல்லை. இரண்டு கட்டைக்கும் நடுவே, எந்த வாத்தியத்திலும் இல்லாத ஓர் இடத்தில், பாறை மாதிரி நின்றார். இவ்வளவு உறுதியான ஸ்ருதி ஞானத்தை நான் வித்வான்களிடம்கூட அடிக்கடி பார்த்ததில்லை. கிட்டார்காரர் என்னைப் பார்த்தார், நான் பேஸ்காரரைப் பார்த்தேன்.

பல்லவி முடிந்து மூச்சு வாங்கிய இடைவெளியில்தான் காதில் விழுந்தது. ம்ம்ம்ம்ம்.

இடது ஓரத்து மானிட்டர். அவர் அதன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். மனிதர் ஜெனரேட்டருக்கு ஸ்ருதி சேர்ந்து பாடுகிறார்!

கணக்கு சுலபம். ஜி 49இல் இருந்து 50க்குப் போனால், ஏ 440இல் இருந்து 449க்குப் போக வேண்டும். மெனுவைத் திறந்து மாஸ்டர் ட்யூனை ஏற்றிக்கொண்டே போனேன். 449இல் வைத்து ஐந்து கட்டையில் கார்டை அமுக்கினேன். பாட்டு கீபோர்டுக்குள் போய் உட்கார்ந்தது. மின்சார வாரியமும் எம்.டி.யும் நானும் ஒரே ஸ்ருதியில். கிட்டார்காரர் கையைக் கட்டிக்கொண்டார், அது நாகரிகம். பேஸ்காரர் பழைய ஆள், விடமாட்டார். அந்தத் தடித்த கம்பியை ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் இழுத்து வளைத்து வாசித்தார். சரணம் முடியும்போது விரலை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தார்.

எம்.டி. கண்ணைத் திறந்தார். கரகோஷத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. என் பக்கம் திரும்பி மைக்கிலேயே சொன்னார். “ஃபர்ஸ்ட் டைம், ஒரு பேண்டோட பாடும்போது எனக்கு ஸ்ருதி சேர்ந்திருக்கு. எங்கேயோ போயிட்டேன்.” அவர் போனது வெகுதூரமில்லை, மேடைக்குப் பின்னால் லாரி வரைக்கும்தான். வணக்கம் வைத்தேன்.

மீதிக் கால் மணி நேரத்துக்குக் குத்து. வரி இல்லாமல்தான். தவில் டோன், பறை டோன், கீபோர்டில் மெட்டு. இங்கும் சோபா எழுந்த பிறகுதான் இரண்டாம் வரிசை எழுந்தது, அது எழுந்த பிறகு மூன்றாவது. எம்.டி. வலது கையைத் தூக்கியபோது துணைத் தலைவர்களும் வலது கையைத் தூக்கினார்கள். ஒரு மேலாளர் அவசரத்தில் இரண்டையும் தூக்கிவிட்டு ஒன்றை இறக்கிக்கொண்டார். ஆனால் ரிப்பன் இல்லாத நாற்காலிகளுக்கும் பின்னால், வண்டி நிறுத்துமிடத்தின் ஓரத்தில், டிரைவர்களும் பாத்திரம் கழுவுகிற பையன்களும் முதல் பாட்டிலிருந்தே ஆடிக்கொண்டிருந்தார்கள். எவர்சில்வர் மூடிக்காரனும் அங்கே இருந்தான், மூடியோடு. நான் கடைசி இரண்டு நிமிஷம் ஷூவைப் பார்க்காமல் அவர்களைப் பார்த்து வாசித்தேன். தாளம் தானாகவே ஒரு சுற்று ஏறிற்று.

சரியாகப் பத்துக்கு ரிசார்ட் மேனேஜர் மேடைக்கு எதிரே வந்து நின்று கடிகாரத்தைத் தட்டினார். 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. “ஒன் மோர், ஒன் மோர்” என்றார் எம்.டி. மேனேஜர் மறுபடியும் கடிகாரத்தைத் தட்டினார். அன்றைக்கு சோபாவிடம் நேருக்கு நேர் முடியாது என்று காட்டியவர் அவர் ஒருவர்தான். எழுந்து நின்று வணங்கத் தோன்றியது, ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தேன்.

கூட்டம் ஏசி ஹாலுக்குள் போயிற்று. அங்கே ஒரு டிஜே லேப்டாப்பைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். எங்கள் குழு மொத்தத்துக்கும் கொடுப்பதைவிட அவருக்கு அதிகம் என்று சவுண்ட் தம்பி சொன்னான். விசாரிக்காமல் இருந்திருக்கலாம். வயர் சுருட்டி, பெட்டி கட்டி முடித்தபோது பதினொன்றரை. பட்டையின் நிறத்தைக் கேட்க ஆளில்லாத நேரம் பார்த்து பஃபேக்குப் போனோம். தோசைக் கவுன்ட்டரில் அடுப்பை அணைத்துவிட்டார்கள். குலாப் ஜாமூன் பாகு இருந்தது, ஜாமூன் இல்லை. தலைவர் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு தயிர் சாதம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது.

குழுவில் இமெயில் பாஸ்வேர்டை மறக்காதவன் நான் ஒருவன் என்பதால் பில் வேலை என் தலையில் விழும். முதலில் வெண்டராகப் பதிவு செய்ய வேண்டும். பான் கார்டு, ரத்து செய்த காசோலை, ஜிஎஸ்டி எண் இல்லை என்று ஓர் உறுதிமொழி. அப்புறம் பர்ச்சேஸ் ஆர்டர். அப்புறம் 45 நாள். அப்புறம் பத்து சதவீதம் டிடிஎஸ். நடுவே கணக்குப் பிரிவிலிருந்து ஒரு கேள்வி வந்தது. வேலை முடிந்ததற்கு அத்தாட்சி இணைக்கவும். நாங்கள் வாசித்ததற்கு அத்தாட்சி எங்கே போய்த் தேடுவது? எம்.டி. பாடுகிற வீடியோவைத்தான் அனுப்பினேன். அதில் அவர் தோளுக்குப் பின்னால் என் இடது முழங்கை தெரிகிறது. முழங்கை என்னுடையதுதான் என்று எழுதியும் கொடுத்தேன்.

45 நாள் போய் அதற்கு மேலும் நாள் போயிற்று. ஒருநாள் மதியம் ஈவென்ட் பையனிடமிருந்து போன். பில் பாஸாகிவிட்டது என்று நினைத்து முதல் மணியிலேயே எடுத்தேன்.

“பில் பிராசஸ்ல இருக்கு சார். இப்ப வேற விஷயம். டிசம்பர்ல ஃபேமிலி டே. எம்.டி. உங்க டீம்தான் வேணும்னுட்டார். இந்தத் தடவை மூணு பாட்டு பாடறார். அன்னிக்கு வச்ச அதே ஸ்ருதி வேணுமாம். வேற எதுலயும் அவருக்கு செட் ஆகலையாம். உங்களால முடியுமா சார்?”

“முடியும் தம்பி,” என்றேன். “அந்த ஜெனரேட்டர் டிசம்பர்ல ஃப்ரீயான்னு மட்டும் கேட்டுச் சொல்லு.”